கூறியது கூறலும் எய்தியது காத்தலும்: டிபிடிகே நிரலகத்தின் வரிசை அமைவுச் சரிபார்ப்புகள் – உரைமரபு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வலையமைப்பின் வழியே வரும் தரவுப் பொதிகளை மிகு விரைவில் கையாளுவதற்கென உருவாக்கப்பட்ட டிபிடிகே என்னும் நிரலகத்தில், ஒரே அமைவு மதிப்பு பொது அடுக்கிலும் இயக்கியிலும் இருமுறை சரிபார்க்கப்படும் இடங்கள் உண்டு. இவற்றுள் எவை நீக்கத்தக்கவை, எவை காக்கத்தக்கவை என்னும் வினாவுக்குத் தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் சூத்திரங்களை வகைப்படுத்தப் பயன்படுத்திய கலைச்சொற்கள் விடை காண உதவுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூறியது கூறல், எய்தாதது எய்துவித்தல், மிகை, மாட்டேறு, டிபிடிகே, வரிசை அமைவு, இயக்கி.

முன்னுரை

ஒரு நூலில் முன்னர்ச் சொன்னதைப் பயனின்றிப் பின்னரும் சொல்வது குற்றம் எனத் தொல்காப்பிய மரபியலும் நன்னூற் பாயிரமும் ஒருங்கே கூறுகின்றன. 'கூறியது கூறல்' என அக்குற்றத்திற்குப் பெயரும் இட்டுள்ளன. ஆயினும் அவ்விலக்கண நூல்களுக்கு உரைகண்டோர், சொன்னதே மீண்டும் வரும் ஒவ்வோர் இடத்தையும் குற்றம் எனத் தள்ளவில்லை. மீண்டும் வந்தது எதற்காக வந்தது என்று வினவி, அதற்கேற்ப வெவ்வேறு பெயர் கொடுத்தனர். கணினி நிரலைப் பேணுவோர் இன்று நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. ஒருமுறை சரிபார்த்ததை மறுமுறை சரிபார்க்கும் வரிகளைக் கண்டால் அவற்றை நீக்கலாமா என்பது அவர்கள் வினா. தவறாக நீக்கினால் வலையட்டை தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் எழுதும் நிலைகூட நேரலாம். நீக்காமல் விட்டாலோ இரண்டு இடங்களில் எழுதப்பட்ட ஒரே விதி, காலப்போக்கில் இரண்டு விதிகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று முரணும்.

கணினித் தமிழ் முயற்சிகளில் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் பெயர்களோடு நின்றுவிடுகிறது. வன்பொருள், மென்பொருள், இயக்கி, நினைவகம் முதலிய சொற்கள் நிலைபெற்றுள்ளன. ஒரு நிரலை எடைபோட்டு வாதிடுவதற்கு வேண்டிய சொற்களை எவரும் தேடியதாகத் தெரியவில்லை. அவை புதிதாக ஆக்கப்பட வேண்டியவை அல்ல. உரைகளில் ஏற்கெனவே உள்ளவை.

வரிசையும் அதன் அமைவும்

டேட்டா பிளேன் டெவலப்மென்ட் கிட் என்பதன் சுருக்கமே டிபிடிகே. இன்டெல் நிறுவனத்தில் 2010 அளவில் தோன்றிய இந்நிரலகம், 2013-இல் 6விண்ட் நிறுவனத்தின் முயற்சியால் திறந்த மூலத் திட்டமாகப் பொதுவெளிக்கு வந்தது. 2017-இல் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ்ச் சேர்ந்தது. இதன் தந்தை எனப் போற்றப்படுபவர் இன்டெல் பொறியாளர் வெங்கி வெங்கடேசன். 2018-இல் வெளியான 18.05 பதிப்புக்கு அவர் நினைவாக 'வெங்கி' என்றே பெயரிடப்பட்டது. அப்பதிப்பு இக்கட்டுரையின் பொருளோடு வேறொரு வகையிலும் தொடர்புடையது; அது பின்னர் வரும்.

வரிசை என்பதைத் திருமங்கலத்தை அடுத்த கப்பலூர் சுங்கச்சாவடியைக் கொண்டு விளக்கலாம். மதுரையிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நான்குவழிச் சாலையின் வாகனங்கள் அங்குப் பல தடங்களாகப் பிரிகின்றன. வலையட்டையும் இவ்வாறே தனக்கு வரும் பொதிகளைப் பல வரிசைகளாகப் பிரித்து, கணினியின் வெவ்வேறு செயலிக் கருக்களிடம் ஒப்படைக்கிறது. ஒவ்வொரு வரிசையும் ஒரு வளையம். அதில் டிஸ்கிரிப்டர் எனப்படும் இடக்குறிப்புகள் அடுக்கப்பட்டிருக்கும். அட்டை தன்னிடம் வந்த பொதியை ஓர் இடக்குறிப்பு சுட்டும் நினைவகப் பகுதியில் நேரே எழுதிவிடும். வளையத்தில் எத்தனை இடக்குறிப்புகள், எந்த நினைவகத் தொகுதியிலிருந்து இடம், எவ்வெப் பணிகளை அட்டையே செய்ய வேண்டும் என்பனவற்றை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் வரிசை அமைவு. சாவடியில் ஒரு தடத்தைத் திறக்குமுன் ஃபாஸ்டாக் படிக்கும் கருவியும் தடுப்புக் கம்பமும் இயங்குகின்றனவா எனப் பார்ப்பதற்கு ஒப்பானது அமைவுச் சரிபார்ப்பு.

இவ்விடத்தில் ஒரு மயக்கம் நீங்க வேண்டும். 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம் வரக்கூடும். ஒரு பொதிக்குக் கிடைப்பது 67 நானோநொடி. அங்கு ஒவ்வொரு வினவலும் சுமையே. ஆதலால் பொதிகளை வாங்கும் செயற்கூற்றில் சரிபார்ப்புகள் பிழைதேடும் பதிப்பில் மட்டும் இடம்பெறும். இயல்பான பதிப்பில் இரா. வரிசை அமைவுச் சரிபார்ப்போ தொடக்கத்தில் ஒரே ஒருமுறை நிகழ்வது. அதை இருமுறை செய்வதால் விரைவு குறைவதில்லை. மிகைச் சரிபார்ப்பை நீக்குவோர் விரைவைக் காரணம் காட்டினால் அக்காரணம் பொருந்தாது. குற்றம் காலத்தில் இல்லை, நூலமைப்பில் உள்ளது.

பொது அடுக்கும் இயக்கியும்

டிபிடிகேயில் ஈத்டெவ் என்னும் பொது அடுக்கு, பயன்பாட்டு நிரலுக்கும் இயக்கிகளுக்கும் இடையே நிற்கிறது. வரிசை ஒன்றை அமைக்குமாறு பயன்பாட்டு நிரல் கேட்கும்போது அவ்வழைப்பு முதலில் பொது அடுக்குக்கே வரும். போர்ட் எண் உண்டா, வரிசை எண் ஏற்கெனவே அறிவித்த எண்ணிக்கைக்குள் அடங்குகிறதா, நினைவகத் தொகுதியின் ஒவ்வோர் இடமும் பொதியைத் தாங்கப் போதுமானதா எனப் பொது அடுக்கு பார்க்கிறது. இடக்குறிப்பு எண்ணிக்கை சுழி எனத் தரப்பட்டால் இயக்கி பரிந்துரைத்த மதிப்பை இடுகிறது. பரிந்துரையும் இல்லையெனில் 512 என இடுகிறது. பின்னர் அவ்வெண் இயக்கி அறிவித்த குறைந்த அளவு, கூடிய அளவு, மடங்கு ஆகிய மூன்று வரம்புகளுக்குள் நிற்கிறதா என நோக்குகிறது. இவையெல்லாம் முடிந்த பின்னரே இயக்கியின் செயற்கூறு அழைக்கப்படும்.

இன்டெல்லின் 40 கிகாபிட் அட்டைகளுக்குரிய ஐ40இ இயக்கியில் இடக்குறிப்புகள் 64-க்குக் குறையக்கூடாது. 32-இன் மடங்காக இருக்க வேண்டும். இவ்வரம்புகளை இயக்கி பொது அடுக்குக்கு அறிவிக்கிறது. பொது அடுக்கும் பார்த்துவிடுகிறது. அதன்பின் இயக்கி தன் செயற்கூற்றில் அதே மூன்றையும் மீண்டும் வினவுகிறது. பொது அடுக்கின் வழியாக வந்த எந்த மதிப்பும் இந்த இரண்டாம் வினாவில் தவற இயலாது. இலக்கண நூலார் நோக்கில் இது கூறியது கூறலே. இதனின் வெளிப்படையான சான்றும் உண்டு. சுழியைப் பொது அடுக்கு மாற்றிவிடுவதால், இடக்குறிப்பு எண்ணிக்கை சுழியா என ஓர் இயக்கி கேட்குமாயின், அவ்வழியில் அக்கேள்விக்கு 'ஆம்' என்ற விடை ஒருநாளும் வாராது.

இவ்வளவில் முடிவு எளிது போலத் தோன்றும். ஆனால் வரம்பை அறிவிக்காத இயக்கி ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இயக்கி வாளா இருப்பின் பொது அடுக்கு தானே மூன்று மதிப்புகளை இட்டுக்கொள்கிறது: குறைந்தது 0, கூடியது 65535, மடங்கு 1. இம்மூன்றும் எதையும் தடுக்காத வரம்புகள். அந்நிலையில் இயக்கிக்குள் உள்ள அதே வரிகள் மிகையல்ல. அவையே உண்மையான ஒரே காவல். ஐ40இயில் மிகையாக நின்ற வரிகள் எழுத்துக்கு எழுத்து மாறாமல் இங்கு இன்றியமையாதவை ஆகின்றன. ஆகவே மிகை என்பது அவ்வரியை மட்டும் நோக்கிச் சொல்லக்கூடியதன்று. முன் நின்ற விதியின் அதிகாரம் இவ்விடம்வரை வந்து எட்டுகிறதா என்று நோக்கியே சொல்ல வேண்டும்.

உரையாசிரியர் வகைப்பாடு

மதுரையைச் சார்ந்தவராக மரபு கூறும் நச்சினார்க்கினியர் உள்ளிட்ட தொல்காப்பிய உரையாசிரியர்கள், சூத்திரம் ஒவ்வொன்றும் முன் நின்ற விதிக்கு என்ன செய்கிறது என்பதைக் கருத்துரையில் ஒரு தொடரால் சுட்டுவர். எய்தாதது எய்துவித்தது, எய்தியது விலக்கியது, எய்தியது விலக்கிப் பிறிது விதி வகுத்தது, எய்தியதன்மேற் சிறப்புவிதி கூறியது, எய்தியது இகந்துபடாமற் காத்தது, ஐயம் அகற்றியது என்றவாறு அவை அமையும். 'எய்தியது' என்ற சொல்லே இவற்றின் அச்சு. பொதுவிதியால் ஓரிடத்திற்கு ஏற்கெனவே என்ன வந்து சேர்ந்துள்ளது என்பதை முதலில் தெளிந்தால்தான் புதிய விதி அங்கு ஆற்றும் தொழில் விளங்கும்.

தொகைமரபில் பல ஈறுகளுக்கும் பொதுவான முடிபுகள் சொல்லப்பட்டபின், உயிர்மயங்கியலில் ஒவ்வோர் ஈறாக விதிகள் தொடர்கின்றன. அங்கு அகர ஈற்றுக்கு விரித்துரைத்ததை ஆகார ஈற்றுக்குத் தொல்காப்பியர் மீண்டும் விரிக்கவில்லை. அகர ஈற்றோடு மாட்டெறிந்து அமைகிறார். நிலா என்னும் சொல் அத்துச் சாரியை பெறும் என்பது போன்றவற்றை மட்டும் தனியே எடுத்தோதுகிறார். மாட்டேறு எட்டும் அளவுக்கு மௌனமும், எட்டாத இடத்தில் சிறப்பு விதியுமாக அவ்வியல் நடக்கிறது. நல்ல இயக்கி ஒன்றின் வரிசை அமைவுச் செயற்கூறும் இவ்வாறே நடக்க வேண்டும்.

இவ்வகைப்பாட்டை இயக்கிகளின்மேல் வைத்துப் பார்த்தால் பின்வரும் வேறுபாடுகள் புலப்படுகின்றன. வரம்பை அறிவிக்காத இயக்கியின் சரிபார்ப்பு எய்தாதது எய்துவித்தல். மெல்லநாக்ஸ் அட்டைகளுக்குரிய எம்எல்எக்ஸ்5 இயக்கி செய்வது வேறு. அதற்கு இடக்குறிப்பு எண்ணிக்கை 2-இன் அடுக்காக இருக்க வேண்டும். 1000 எனக் கேட்டால் அது மறுக்காது. 1024 என உயர்த்திக்கொண்டு எச்சரிக்கை ஒன்றைப் பதிவு செய்யும். பொது அடுக்கின் ஒப்புதலைப் பெற்று வந்த எண்ணை நீக்கி வேறோர் எண்ணை நிறுவுவதால் இஃது எய்தியது விலக்கிப் பிறிது விதி வகுத்தல். இதனை மிகை எனக் கருதி நீக்கினால் இயக்கியே சிதையும்.

எய்தியது இகந்துபடாமற் காத்தல் நுட்பமானது. இயக்கி தன் உள்தேவைக்காக வரிசை அமைவுச் செயற்கூற்றைப் பொது அடுக்கின் வழியன்றித் தானே நேராக அழைக்குமாயின், அவ்வழைப்பில் பொதுவிதி வந்து எய்தாது. பொது வழியில் மிகையாகத் தோன்றும் சரிபார்ப்பு இந்த உள்வழியில் காவலாக நிற்கும். ஆகையால் ஒரு வரியை நீக்குமுன் அச்செயற்கூற்றை அழைப்போர் அனைவரையும் தேடிக் காண்பது கடமை. இதன் மறுதலையும் உண்டு. பல அட்டைகளை ஒன்றாகக் கட்டி ஒரே போர்ட்டாகக் காட்டும் பாண்டிங் இயக்கி, தன் உறுப்பு அட்டைகளின் வரிசைகளைப் பொது அடுக்கின் வழியாகவே அமைக்கிறது. அதனால் ஒரே எண் ஒரே பொது அடுக்கில் இருமுறை சரிபார்க்கப்படுகிறது. இருப்பினும் முதன்முறை அது கட்டப்பட்ட போர்ட்டின் வரம்போடும், அடுத்த முறை உறுப்பு அட்டையின் வரம்போடும் ஒப்பிடப்படுவதால் கூறியது கூறல் ஆகாது. விதி ஒன்றே, நிலைக்களம் வேறு. (உள்ளூர் வாகனங்களுக்குக் கட்டண விலக்கு வேண்டும் எனத் திருமங்கலத்தார் நெடுங்காலமாக எழுப்பிவரும் கோரிக்கையை உரையாசிரியர் ஒருவர் கேட்டிருந்தால், எய்தியது விலக்கல் வேண்டுகின்றனர் என ஒரு தொடரில் முடித்திருப்பார்.)

மிகை தரும் மயக்கம்

பயனற்ற சரிபார்ப்பு இருந்துவிட்டுப் போகட்டும், கேடு ஒன்றும் இல்லையே என்று சொல்லப்படுவதுண்டு. தமிழ் உரைமரபு அறிந்தோர் இதனை எளிதில் ஏற்கமாட்டார். நூலாசிரியர் வீணாக ஒரு சொல்லும் சொல்லார் என்னும் நம்பிக்கையில், சூத்திரத்தில் மிகையாக நிற்கும் சொல்லைக் கொண்டு சூத்திரம் வெளிப்படக் கூறாத முடிபுகளையும் வருவிப்பது உரையாசிரியர் வழக்கம். இலேசு, மிகை என அதனைக் குறிப்பர். வேண்டாது கூறி வேண்டியது முடித்தல் எனவும் விளக்குவர். இளம்பூரணர் முதல் இம்முறை பயின்று வருகிறது. அவ்வாறு வருவித்தவற்றுள் சில நூலாசிரியர் கருத்தா அன்றா என்பது இன்றும் தீராத வழக்கு.

நிரலைப் படிப்போரும் இவ்வாறே படிக்கின்றனர். கணிப்பொறி உய்த்துணராது; அடுத்து வந்து நிரலைப் பேணும் பொறியாளர் உய்த்துணர்வார். இயக்கிக்குள் ஒரு சரிபார்ப்பைக் காணும் அவர், இது வீணாக எழுதப்பட்டிராது, பொது அடுக்கைத் தாண்டி வரும் வழி ஒன்று எங்கோ இருக்க வேண்டும் என்று கருதுவார். இல்லாத வழிக்கு அஞ்சித் தாமும் ஒரு காவல் வைப்பார். புதிய இயக்கி எழுதுவோர் பழைய இயக்கியைப் பார்த்தெழுதும்போது அவ்விரண்டும் படியெடுக்கப்படும். ஏடு பெயர்த்தெழுதுவோர் கையில் இடைச்செருகல் பெருகியதை ஒத்தது இது. அத்துடன், ஒருநாளும் நிகழாத கிளைவழியைச் சோதனை செய்ய இயலாது. வன்பொருளின் புதிய பதிப்பில் வரம்பு மாறி, அறிவிப்பில் மட்டும் திருத்தம் செய்யப்பட்டு உள்ளிருக்கும் எண் பழையதாகவே நிற்குமாயின், பொது அடுக்கு ஏற்ற மதிப்பை இயக்கி மறுக்கும். அப்போது பயனருக்குக் கிடைப்பது இரண்டு நூல்களின் மாறுகொளக் கூறல்.

நீக்குவதற்கும் அப்படியே வைப்பதற்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உள்ளது. பிழைதேடும் பதிப்பில் மட்டும் உயிர்பெறும் உறுதிக்கூற்றாக அச்சரிபார்ப்பை மாற்றலாம். 'இம்மதிப்பு முன்னரே தெளியப்பட்டது. ஐயம் எழாமைப் பொருட்டு இங்குச் சுட்டப்படுகிறது' என்பதே அதன் பொருள். ஐயம் அகற்றியது என்ற கருத்துரை இதற்கு முற்றும் பொருந்தும்.

18.05 பதிப்பின் மாற்றம்

அட்டையே செய்யுமாறு ஒப்படைக்கும் பணிகளில்தான் இச்சிக்கல் பெரிதாக எழுந்தது. சரிபார்ப்புத்தொகை கணித்தல், விலான் குறியைப் பிரித்தல் முதலிய இப்பணிகள் சில அட்டைகளில் போர்ட் முழுமைக்கும் பொதுவானவை. வேறு சிலவற்றில் வரிசைதோறும் தனித்தனியே அமைக்கத்தக்கவை. முன்பு இவற்றின் பொருத்தத்தை ஒவ்வோர் இயக்கியும் தானே ஆராய்ந்தது. 18.05 பதிப்பில் அவ்வாராய்ச்சி பொது அடுக்குக்கு உயர்த்தப்பட்டது. இயக்கிகள் தோறும் ஒரே சரிபார்ப்பு திரும்பத் திரும்ப வருவதைத் தவிர்ப்பதே அம்மாற்றத்திற்குச் சொல்லப்பட்ட நோக்கம்.

அது செயற்படும் முறை நன்னூல் உத்திகளை நினைவூட்டுவது. போர்ட் அமைவின்போது ஒரு பணி இயக்கப்பட்டிருந்தால் அஃது எல்லா வரிசைகளுக்கும் எய்திவிட்டது. வரிசை அமைவில் அதே பணியை மீண்டும் கேட்டால், பொது அடுக்கு அதனைக் குற்றம் என மறுக்காமலும் இயக்கிக்கு அனுப்பாமலும் கோரிக்கையிலிருந்து கழித்துவிடுகிறது. எஞ்சியவை, அதாவது இவ்வரிசைக்கெனப் புதிதாகக் கேட்கப்பட்டவை மட்டும், வரிசை அளவில் இயலுமா என ஆராயப்படும். ஒப்படைப்புப் பணியைப் பொறுத்தவரை இயக்கியின் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் எய்தாதது மட்டுமே. பயனர் கூறியது கூறினும் நூல் கூறியது கூறாமல் காத்துக்கொள்ளும் இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. ஒரே நூலாசிரியர் தம் நூலின் முற்பகுதியைச் சுட்டி அமைவதை நன்னூல் 'உரைத்தாம் என்றல்' என்னும் உத்தியாகக் கூறும். டிபிடிகே இயக்கிகளோ வெவ்வேறு நிறுவனங்களின் பொறியாளர்களால் பேணப்படுவன. பொது அடுக்கை நம்பி இயக்கி வாளா இருப்பது, 'பிறநூல் முடிந்தது தானுடன்படுதல்' என்னும் உத்திக்கே நெருங்கியது. பிறநூல் பின்னொரு பதிப்பில் தன் விதியைத் தளர்த்தினால், உடன்பட்டு மௌனமாய் இருந்த இயக்கிகள் அனைத்தும் ஒருசேரக் காவல் இழக்கும். மிகைச் சரிபார்ப்பை விடாது வைத்திருப்போரின் அச்சம் இதுவே. அது வெற்று அச்சம் அன்று. அதனை ஆற்ற வேண்டிய இடம் பொது அடுக்கு. தான் இன்னின்னவற்றை உறுதிசெய்த பின்னரே இயக்கியை அழைக்கும் என்பதை அது ஆவணத்தில் எழுதி ஒப்ப வேண்டும்; அவ்வுறுதிக்குச் சோதனை நிரலும் உடன் இருக்க வேண்டும்.

சரிபார்ப்பு ஒன்றை நீக்குவோர் எழுதும் மாற்றக் குறிப்பிலும் இத்தெளிவு வேண்டும். 'தேவையற்றது, நீக்கப்பட்டது' என்பது கருத்துரை ஆகாது. எந்தப் பொதுவிதியால் எய்தியது, இயக்கி வரம்பை எங்கு அறிவித்தது, பொது அடுக்கைத் தாண்டி அழைப்போர் எவரும் உளரா என்ற மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். எம்எல்எக்ஸ்5 போன்ற இயக்கிகளில் இவ்வாய்வு வேறு திசையில் திரும்பும். வரம்புப் பதிவில் குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் மடங்குக்கும் புலங்கள் உண்டு. 2-இன் அடுக்கு என்னும் நிபந்தனைக்குத் தனிப் புலம் இல்லை. பொதுவிதியின் மொழியில் சொல்ல இயலாத ஒன்றை இயக்கி தன்னிடத்தே சொல்லிக்கொள்ள நேர்கிறது. அத்தகைய நிபந்தனையுடைய இயக்கிகள் பலவாயின், திருத்தம் பெற வேண்டியது இயக்கியின் வரி அன்று, பொது அடுக்கின் வரம்புப் பதிவே.